வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்த வண்டி

பழைய காரை நாளைக் காலை ஷோரூம்காரர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் காலி செய்யும்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உங்கள் பனியன் துணி கிடைத்தது. என்ஜின் ஆயிலும் நீலகிரித் தைலமும் கலந்த வாசனை. முகர்ந்து பார்க்காமலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. தூக்கிப் போடத்தான் எடுத்தேன், போடவில்லை. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை எல்லாம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வரிசை இல்லாமல் பேச வராது. அதற்காகவும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். இருந்தாலும் வரிசை இதுதான்:

1. எனக்கு எந்த வண்டி வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் வாங்க விடவில்லை.
2. நான் எழுதிக்கொண்டு வந்த தாளை நாலு பேர் முன்னால் அவமதித்தீர்கள்.
3. ஓட்டிப் பார்க்க வெளிவட்டச் சாலைக்குப் போனது, நீங்கள் பயமறியாதவர், நான் பயந்தாங்கொள்ளி என்று காட்டத்தான்.
4. இதனால் அவதிப்பட்டது என் மனைவி.

அஸ்தினாபுரத்தில் நம் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் உங்கள் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள் ஒரு லாரி கம்பெனியின் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போதாததற்குக் கைராசிக்காரர் என்று பெயர். பிள்ளையார் கோயில் வாசலில் புது வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும்போது ஸ்டியரிங்கில் உங்கள் கைதான் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவன் கற்பூரத் தட்டோடு ஓரமாக நிற்பான். நானும் நின்றிருக்கிறேன். அது என் வண்டி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன ஹைபிரிட் கார். பெட்ரோல் என்ஜினோடு ஒரு மின் மோட்டாரும் அதில் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நெரிசலில் ஊரும்போது என்ஜினை அணைத்துவிட்டு அந்தச் சேமிப்பில் நகரும். கிளட்ச் கிடையாது. என் மனைவியின் அக்கா ஊரப்பாக்கத்தில் படுத்த படுக்கையாக இருந்தார், இன்றும் இருக்கிறார். ஞாயிறுதோறும் நாங்கள் அங்கே போக வேண்டும். நம் குரோம்பேட்டையிலிருந்து ஊரப்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் இடது முழங்காலும் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் சாலைக்கும் இந்தக் காலுக்கும் பொருத்தமான வண்டி அதுதான் என்று பல வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே தாளில் கட்டம் கட்டி எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு 'நெரிசலில்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தேன்.

அந்தத் தாளோடு ஷோரூமுக்குப் போனபோது உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னா புரொபசரே, பரீட்சைக்குப் படிச்சிகினு வந்துகீற?" என்றீர்கள். அங்கே விற்பனைப் பொறுப்பில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாதாரண பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினீர்கள். உங்கள் தோளில் இதே பனியன் துணி கிடந்தது. அதைத் தொடாமல் என் பக்கம் கையை நீட்டினீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்று புரிவதற்குள் என் தாளை உருவி, கம்பியைத் துடைத்து, கசக்கி என்னிடமே கொடுத்தீர்கள்.

"இத மட்டும் படி, போதும். ஆயில் சுத்தமா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள்மேல் எனக்குள்ள வெறுப்பில் பாதி, அன்று நான் சிரித்த சிரிப்பால் வந்தது.

"எந்த ரோட்ல ஓட்டிப் பாக்கணும் சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். என்னைத்தான் கேட்டார். ஜி.எஸ்.டி. ரோடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவுட்டர் ரிங் ரோடு," என்றீர்கள் நீங்கள். "ரெண்டு வண்டியும் அங்கதான் ஓட்டணும். காலி ரோட்லதாம்மா வண்டியோட லட்சணம் தெரியும்."

வண்டலூர் வரை அவர்கள் ஆளே ஓட்டி வந்தார். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் நீங்கள் ஸ்டியரிங்கை வாங்கினீர்கள். பெட்ரோல் கார் முதலில், ஹைபிரிட் பிறகு. காற்றாகப் பறந்தீர்கள். பின் இருக்கையில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கண்ண மூடிகினியா புரொபசரே? தொற, தொற. சாவு வந்தாலும் பாத்துகினே போலாம்," என்றீர்கள்.

ஹைபிரிட் மெதுவாகக் கிளம்பியபோது என்ஜின் சத்தம் வரவில்லை. அதுவும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. "வண்டின்னா காதுல கேக்கணும். சத்தமே போடாம போறதுக்கு இது இன்னா, பாம்பா? எடது காலுக்கு வேலையே இல்லன்னா அது காரா, ராட்டினமா?"

திரும்பி வந்ததும் மீட்டரைக் காட்டினீர்கள். "பாத்துக்க. மைலேஜ் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். இதுக்கு எதுக்கு அவ்ளோ துட்டு எக்ஸ்ட்ரா?"

பிரேக்கே பிடிக்காமல் ஒரே வேகத்தில் ஓட்டினால் அந்த வண்டி எதைச் சேமிக்கும், எதை வைத்து நகரும்? சேமிக்க வழியில்லாத சாலையில் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, சேமிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னீர்கள். இதை விளக்க எனக்குக் கரும்பலகைகூடத் தேவைப்பட்டிருக்காது. ஆற்றலின் அழிவின்மையைப் பணிக்காலம் முழுவதும் பாடமாக நடத்தியவன், "நீங்க சொன்னா சரிதான் சார்," என்றேன். பெட்ரோல் கார் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியது நீங்கள். கற்பூரத் தட்டோடு நின்றது நான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் என் முழங்கால் வீங்கிவிட்டது. பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, ஊரப்பாக்கத்தில் இறங்கும்போது என்னைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் போனது மாதம் ஒரு முறை ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. கார் உறைக்குள் கிடந்தது. என் மனைவி தனியாக மின்சார ரயிலில் போய் வந்தாள். அந்த வயதில், கையில் அக்காவுக்கான சாப்பாட்டுப் பையோடு, ரயில்வே மேம்பாலப் படிகளை ஏறி இறங்கினாள். ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்து, வாசலில் நின்று முந்தானையைப் பிழிந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள்தான் பேசினீர்கள்: "இன்னா, வண்டி தூங்கிகினே கீது? வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு புரொபசரே. பேட்டரி பூடும்."

நீங்களோ அதற்குள் உங்கள் காரை விற்றுவிட்டிருந்தீர்கள். கேட்டால், "இந்த ரோட்ல மனுசன் ஓட்டுவானா?" என்றீர்கள். எனக்கு மட்டும் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு!

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் உடனே துணிந்துவிடவில்லை. வண்டியை மாற்றுவது பற்றிப் பக்கத்துத் தெரு மருத்துவரைக் கேட்கலாமா, என் பழைய மாணவன் ஒருவனைக் கேட்கலாமா என்று வீட்டில் ஆரம்பித்தேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"என்னங்க, இன்னொரு ஆளா? இந்தத் தடவை நீங்களா முடிவெடுங்க. முடியலன்னா இருக்கற வண்டியையும் வித்துடுங்க, நான் ட்ரெய்ன்லயே போய்க்கறேன். படி ஏறறதுகூடப் பரவாயில்ல. நீங்க இன்னொருத்தர் பின்னாடி கையைக் கட்டிட்டு நிக்கறதை மட்டும் இனிமே என்னால பாக்க முடியாது."

இத்தனை வருடங்களாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் முழங்காலைவிட அது அதிகமாக வலித்தது. இந்த வண்டியை நானாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவள் கண்ணில் இனி எனக்கு மரியாதை இருக்காது. அவள் அதைச் சொல்லிக் காட்டமாட்டாள், அவ்வளவுதான்.

தனியாகப் போனேன். அதே பெண் இருந்தார். "கூட ஒரு சார் வருவாரே?" என்றார்.

"இறந்துட்டார்."

"அடடா. எந்த ரோட்ல சார் ஓட்டிப் பாக்கறீங்க?"

"ஜி.எஸ்.டி. ரோடு. சாயங்காலம்."

"சாயங்காலமா? அந்த நேரத்துல அங்க யாரும் டெஸ்ட் டிரைவ் கேக்கமாட்டாங்க சார். நகரவே நகராது."

"அதுக்குத்தாம்மா," என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

தாம்பரம் வரைக்கும் ஊர்ந்தோம். பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கியடிக்க, என் வண்டி பெரும்பாலும் என்ஜினை அணைத்தபடி நகர்ந்தது. பிரேக்கைத் தொடும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் போய்ச் சேர்வதைத் திரையில் பார்த்தேன். இடது கால் சும்மா இருந்தது. மீட்டர் காட்டிய எண்ணை உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது என் தாளின் கடைசிக் கட்டத்திலேயே இருந்தது, நீங்கள் கம்பியைத் துடைத்த அந்தத் தாளில். திரும்பியதும் யாரையும் கேட்காமல் பதிவு செய்தேன்.

இதுவரை எழுதிவிட்டு மூடி வைத்திருந்தேன். வண்டி வந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை.

இன்று காலை கோயில் வாசலில் யார் வண்டியை ஏற்றுவது என்று தெருவே காத்திருந்தது. மனைவி என் கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கிக்கொண்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். என்ஜின் சத்தம் கேட்காததால் வண்டி கிளம்பவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம்தான் கேட்டது. பூக்காரம்மா, "ஐய, நவுந்துகினே கீதுடா!" என்று கத்தினார். அந்த நேரத்தில் நீங்கள் இல்லையே என்று நினைத்தேன். பாசத்தால் அல்ல, நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக.

ஊரப்பாக்கத்துக்குக் கிளம்பும்போது உங்கள் மனைவி கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டாள் என் மனைவி. "மொத மொத வண்டி கெளம்புது, நான் எதுக்கும்மா?" என்று அவர் பின்வாங்க, இவள் விடாமல், "முன் சீட்ல உக்காருங்கக்கா," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பெருங்களத்தூரில் வழக்கம்போல் எல்லாம் நின்றது. உங்கள் மனைவி குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடது காலுக்கு வேலையே இல்லியா சார் இதுல?"

"இல்லம்மா."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவருக்கு அந்தக் காலுதான் சார் மரத்துப்போச்சு. சக்கரை. ராத்திரியெல்லாம் தைலம் தேச்சிகினு உக்காந்திருப்பாரு. கிளட்ச்ல காலு கீதா இல்லியான்னே தெரியலடின்னுவாரு. நீங்க வண்டி எடுக்கறதுக்கு மொதல்லயே ஒரு நாள் பல்லாவரம் சிக்னல்ல முன்னாடி நின்ன ஆட்டோல போய் இடிச்சிட்டாரு. அதுலேர்ந்து நெரிசல்னாலே அவருக்குக் கை வேர்த்துடும். காலி ரோடுன்னா ஓட்டுவாரு. அதுக்கப்புறம்தான் வண்டிய வித்தாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு." தயங்கினார். "'புரொபசருக்குத் தெரிஞ்சா, அப்புறம் அந்த ஆளு யார நம்பி வண்டி வாங்குவான்'னு சொன்னாரு சார்."

முன்னால் நின்ற பேருந்து நகர்ந்தது. நானும் சத்தமில்லாமல் நகர்ந்தேன்.

இதைக் கேட்டு என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கூடியிருக்கிறது. சொல்லியிருந்தால் இதே வண்டியை அன்றைக்கே வாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே ஓட்டியிருக்கலாம். நீங்கள் ராட்டினம் என்று சொன்ன வண்டியில்தான் உங்கள் காலுக்கும் விடுதலை இருந்தது. ஓட்டிப் பார்த்த அன்று அது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் என்னையும் உங்களோடு சேர்த்து மூழ்கடித்தீர்கள்.

வீடு திரும்பியதும் பானெட்டைத் திறந்து கம்பியை உருவிப் பார்த்தேன். புது வண்டியில் பார்க்கத் தேவையில்லை என்று தெரியும். உங்களிடமிருந்து தொற்றிய பழக்கம், போகமாட்டேன் என்கிறது. துடைத்தது உங்கள் பனியன் துணியில். பிறகு அதை மடித்து என் இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.

மேலே எழுதிய வரிசையை இப்போது மறுபடி படித்தேன். ஒன்று, இரண்டு, நான்கு அப்படியே நிற்கின்றன. அவற்றில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். மூன்றாவது தவறு. வெளிவட்டச் சாலைக்கு நீங்கள் போனது என் பயத்தைக் காட்ட இல்லை, உங்கள் பயத்தை என்னிடமிருந்து மறைக்க.