உள்ளே போங்க, எடம் இருக்குது

கூட்டாளி,

இன்று ஹனூரில் உங்கள் தோட்டத்துக்குப் போய், உன் சமாதிக் கல்லின் எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் பூசிவிட்டு வந்தேன். மைசூர் திரும்பி இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து அந்த வாசனை போகவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடினோம்; நான் டிரைவர், நீ கண்டக்டர். கொள்ளேகாலில் முண்டியடித்து ஏறும் கூட்டத்தைப் பார்த்து, கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கத்துவாய்: "உள்ளே போங்க, எடம் இருக்குது." இடம் ஒருநாளும் இருந்ததில்லை.

டாக்டர்கள் கைவிரித்த பிறகு, உங்கள் மைசூர் விஜயநகர் வீட்டில் உன் மனைவி பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பாடு வைப்பார், மாத்திரை தருவார், சமையலறைக்குள் போய்விடுவார். நோயைவிட அதுதான் உனக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்ததைக் காட்டினாய். உங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். தோட்டத்தில் உனக்கு வைக்கவேண்டிய கல் அது: பஸ்ஸின் முன்வாசல், ஏற இரண்டு படி, வாசலுக்கு மேலே உன் பழைய கத்தல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் காபியோடு வந்த உன் மனைவி தாளைப் பார்த்துவிட்டார். கிழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"கும்புட வர்றவங்களையெல்லாம் குழிக்குள்ள கூப்புடுவீங்களா? அப்புறம் ஒருத்தராச்சும் கிட்ட வருவாங்களா?"

"வேறென்ன எழுதறது? நீயே சொல்லு," என்றாய்.

காபியை எங்கள் முன்னால் வைத்தார். பிறகு பென்சிலை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "அவசரமில்லை, மெதுவா வாங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அழுகையானது. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் ஏழு மாதம் உங்கள் வீட்டில் பேச்சு ஓயவில்லை. மாதேஸ்வரன் மலைக்கு ஜன்னலோரப் பயணிகளாகப் போய்வந்தீர்கள். கல்லுக்கு ஆர்டர் சொல்லவும் சேர்ந்தே போனீர்கள். "ஏன் சார், இது சமாதிக்கா, டெப்போவுக்கா?" என்று கல்தச்சர் கேட்டதை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்!

இன்று களையெடுக்க வந்த பெண்கள் உன் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, மற்றவர்களுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அடுத்த வாரம் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். டாக்டர் நம்பிக்கையாகத்தான் சொல்கிறார். ஆனாலும் நேற்றுவரை வீட்டில் யாரும் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை, நானும்தான். நேற்று மதியம் உன்னை நினைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன்: "எனக்கும் ஒரு கல்லு வெச்சா என்ன எழுதுவே?"

என் மனைவி ரசம் ஊற்றியபடியே சொன்னாள்: "ஹாரன் அடிக்காதீங்க, இவரு எந்திரிக்க மாட்டாரு."

சிரித்து முடித்ததும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் என்ற சொல்லை அப்போதுதான் எங்கள் வீட்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னோம். இரண்டாவது தடவை சொன்னபோது அது கொஞ்சம் சின்னதாகிவிட்டிருந்தது.