பிடிக்குள்ளே இரண்டு புள்ளி

என் உயிரோடு ஒட்டின மச்சாள்,

அன்றைக்குப் பட்டறையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழவிக்கு மறந்து போச்சுது என்று ஒருத்தரும் கதைக்கக் கூடாது. உலையடியில் நீங்கள், நாகம்மா. கதிரையில் சாய்ந்தபடி கண் மங்கிய மாமா, உங்கட ஐயா கந்தையர். வாசலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த சூசைப்பிள்ளை, கையில் சுற்றிய சீலையில் இரத்தம் ஊற. அவருக்குப் பின்னால் மனிசி திரேசம்மா. துருத்திக் கயிற்றைப் பிடித்தபடி நான். ஆறாவது ஆள் உங்கட தம்பி, என்னுடைய மனிசன். அவருடைய பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

மீன் கீறும்போது எங்கட பட்டறைக் கத்தி முறிந்து சூசைப்பிள்ளையின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரண்டு துண்டையும் இரும்படிக்கும் அடைகல்லில் வைத்தார். கத்தி முதுகில் சுத்தியல் தவறி விழுந்த பள்ளம் ஒன்று. அதைக் கண்டதும் துருத்திக் கயிற்றை விட்டேன். அது என் சுத்தியல்.

வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். புருசன் செத்து நீங்கள் தண்ணீரூற்று ஊருக்குத் திரும்பி வந்து, தகப்பனுடைய உலையில் கத்தி அடித்தீர்கள். துருத்தி இழுக்க வந்த என்னிடம் சின்னச் சுத்தியலைத் தந்தீர்கள். லொறி வில்லுத் தகட்டை வெட்டி, சிவக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். பிறகு மணலால் தேய்த்து மெல்லச் சூடுகாட்ட, வைக்கோல் நிறம் ஒன்று முதுகிலிருந்து வெட்டும் வாய்ப்பக்கம் ஓடிவரும். அது வாயைத் தொட்ட பிறகுதான் ஆறவிட வேண்டும். தொடாவிட்டால் கத்தி கண்ணாடி மாதிரி முறியும். "நிறம் வரட்டும் பிள்ளை, நீ அதுக்கு முன்னாலை ஓடாதை" என்பீர்கள்.

நான் ஓடினேன். நீங்கள் குளிக்கப் போன நேரம், தனியாய் ஒன்று முடித்துக் காட்டும் ஆசை. மழை மப்பில் நிறம் சரியாய்த் தெரியவில்லை. போதும் என்று எடுத்து ஆறவிட்டேன். உங்களிடம் சொல்லவும் இல்லை.

பட்டறையில் மாமாவின் கட்டளை ஒன்று இருந்தது. அடித்தவர் பிடிக்குள் போகும் காம்பில் தன் புள்ளியைக் குத்த வேண்டும். உங்களுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. ஆருடைய கத்தி முறிந்து இரத்தம் சிந்துதோ, அவர் பிறகு உலையைத் தொடக் கூடாது.

"பிடியைக் கழட்டு. எத்தினை புள்ளி எண்டு சொல்லு" என்றார் மாமா. உங்கட தம்பி ஆணியைத் தட்டக் குனிந்தார்.

நீங்கள் கத்தியை எடுத்துச் சீலைத் தலைப்பில் சுற்றினீர்கள். "கழட்டத் தேவையில்லை ஐயா. என்ர கத்திதான்."

மாமா நம்பவில்லை. பிடி போட்டவனைக் கேட்டார். பிடி போட்டவர் உங்கட தம்பி. இரண்டு புள்ளியையும் கண்ணால் கண்டவர். என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "ஓம் ஐயா. ஒரு புள்ளிதான். அக்காவின்ரதான்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று நம்பினேன், மச்சாள். இரண்டு நாளால், முரசுமோட்டையில் காடு வெட்டப் போறவை வந்து நாகம்மாவின் கத்திதான் வேண்டும் என்று நின்றார்கள். அவர் சிரித்தபடி, "அக்காவின்ர கை போச்சுது. இனி என்ரதுதான்" என்றார். உங்களை உலையை விட்டு இறக்கத்தான் அந்தப் பொய் என்று அப்போதுதான் விளங்கியது.

நானும் வாய் திறக்கவில்லை. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் தந்துவிடுவீர்கள். பிறகு நான் அடித்து அவருடைய பெயரில் போன ஒவ்வொரு கத்தியும் படலை வாசலைத் தாண்டும்போது, இன்றைக்கு ஆருடைய கையோ என்று பயந்தேன். நீங்கள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து என் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஏன் அந்த உலையைத் தந்தீர்கள்?

வீட்டுப் புதினம் சொல்கிறேன், கேளுங்கோ. என் பேத்தி உங்கட சின்னச் சுத்தியலால் புளியங்கொட்டை உடைக்கிறாள். சூசைப்பிள்ளைக்கு இரண்டு விரல் இன்னும் மடங்காது. உங்கட றங்குப்பெட்டியில் முறிந்த கத்தி இருந்தது, கழட்டாத பிடியோடு. நான் கழட்டினேன். இரண்டு புள்ளி.

நீங்கள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் உங்களைப் பற்றி 'தம்பியின் தொழிலுக்குத் துணை நின்றவர்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார் உங்கட தம்பி. மத்தியான பஸ்ஸில் வந்துவிடுவார். அதற்குமுன் இந்தக் கடுதாசியை அதை எழுதுகிற வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும், கல்வெட்டில் சேர்க்க. அவசரத்தில் எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அந்த முப்பத்தோராம் நாளில் உங்கட படத்துக்கு முன்னால், படையலோடு அந்தக் காம்பை வைப்பேன். சூசைப்பிள்ளைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பிழை என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்லுவேன். என்ன சொல்வாரோ, அதைக் கேட்பேன்.

மாமாவை மன்னித்துவிட்டேன், அவருக்குக் கண் தெரியாது. கண் தெரிந்த ஒருத்தரை மன்னிக்கமாட்டேன். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து நான் சொல்லாத பெயர்: ஆறுமுகம்.

உங்கட மச்சாள்,
இரண்டு புள்ளிக்காரி சின்னம்மா