கிணற்றடியில் சொன்ன கனவு

என் நெஞ்சில் இன்னும் நடமாடும் ஜெசிந்தா மிஸ்ஸிக்கு,

சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து நபீசா எழுதுகிறேன். நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்று தெரியும். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கல்முனைச் சந்தையில் புடவை விலை கேட்டுக்கொண்டு நின்ற, உங்கள் ஊரான மட்டக்களப்புப் பெண் ஒருத்தியிடம், உங்களைத் தெரியுமா என்று சும்மாதான் கேட்டேன். "மிஸ்ஸி மோசம் போயிட்டாவே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். காய்ச்சலில் படுத்தவர் எழும்பவேயில்லையாம். உங்கள் முப்பத்தோராம் நாளுக்காவது வரவேண்டும் என்று துடித்தேன். இப்போது இங்கே வழியெல்லாம் பயம், மிஸ்ஸி. உங்கள் தமிழ் ஆட்களும் எங்கள் முஸ்லிம் ஆட்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற காலம். என் வீட்டுக்காரர் போகவிடவில்லை.

நீங்கள் வந்த காலமும் நல்ல காலம் இல்லைதான். சூறாவளி அடித்து ஓய்ந்திருந்தது. தென்னைகளுக்குத் தலை இல்லை. நிழல் எல்லாம் போய், வானம் மட்டும் மிகப் பெரிதாகிவிட்டது. தோணி ஒன்று பள்ளிவாசல் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தது. விழித்திருக்கும்போதே கனவில் நடப்பது போல எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவர் விழுந்து, என் நாலு வயது மகள் றினோசா அதன் கீழே போயிருந்தாள். அன்றிலிருந்து நான் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து நீங்கள் வந்தீர்கள். கண்ணாடி போட்ட ஒரு டாக்டர், நீங்கள், உங்களைப் போல இன்னொரு தாதி மிஸ்ஸி. லீவு போட்டு, சொந்தச் செலவில் வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரியும். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் என்று ஊருக்குள் அதற்கு முன்பே செய்தி பறந்துவிட்டது. "விசர் ஆஸ்பத்திரி ஆக்கள் வந்திரிக்காங்களாம்கா, கவனம்!" பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நீங்கள் மேசை போட்டு உட்கார, சனம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

டாக்டர் கேட்கச் சொன்னதையே நீங்கள் எல்லோரிடமும் கேட்டீர்கள். நித்திரை வருகிறதா? கெட்ட கனவு வருகிறதா? வந்தால் பயப்படாமல் சொல்லுங்கள். சொன்னால் பாரம் குறையும்.

எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "இல்ல மிஸ்ஸி. ஒரு கனவும் இல்ல." இந்தச் சனம் நல்ல திடமான சனம் என்று டாக்டர் மெச்சினாராம். எனக்கு மட்டும் அப்போது சிரிக்க முடிந்திருந்தால்! கெட்ட கனவு கண்டால் எங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. இடப்பக்கம் மூன்று தரம் துப்பி, அல்லாஹ்விடம் காவல் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுப்போம். எங்களிடம் போய்க் கனவைச் சொல்லச் சொல்கிறீர்களே என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை மண்டபத்துக்கு வரவைக்க யாராலும் முடியவில்லை. நீங்களே வீடு தேடி வந்தீர்கள். வீடு என்று எங்கே இருந்தது? அரைச் சுவரும், மேலே ஒரு தார்ப்பாயும். என் வீட்டுக்காரர் ஹனீபா மச்சான் உங்களிடம், "தொண்டையில காத்துப் புடிச்சிட்டுப்போல மிஸ்ஸி, கதைக்கிறாளில்ல," என்றார். பாவம், அவருக்கு வேறு என்ன தெரியும்? மகளை அடக்கிவிட்டு வந்த கையோடு ஊமை மனைவியையும் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

நீங்கள் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். முதல் நாள் ஏதேதோ கேட்டீர்கள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டீர்கள். நிவாரண மாவில் நான் ரொட்டி தட்டினால் நீங்களும் தட்டினீர்கள். உங்கள் ரொட்டி ஒன்றும் வட்டமாக வரவில்லை.

அன்றைக்கு நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். வெயிலில் தார்ப்பாய் நீலமாக ஒளிர்ந்தது. அதன் கீழே நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. சனத்துக்குப் பின்னால் அலைந்த களைப்பில், அரைச் சுவரில் சாய்ந்தபடியே நீங்கள் தூங்கிப்போனீர்கள். உங்கள் வாய் லேசாகத் திறந்திருந்தது. சூறாவளிக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கியதேயில்லை, தெரியுமா? உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

திடீரென்று "அம்மா!" என்று அலறி எழுந்தீர்கள். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தீர்கள். "ஐயோ நபீசா, என்ன கனவு தெரியுமா? என்ட தம்பி..."

நான் பாய்ந்து உங்கள் வாயைப் பொத்தினேன்.

"சொல்லாதீங்க மிஸ்ஸி!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நீங்கள் என் கையைத் தட்டிவிடவில்லை. மெல்ல அதை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏன் புள்ள?"

"சொன்னா நடந்திரும்."

துப்பச் சொன்னேன். நீங்கள் உண்மையாகவே துப்பிவிட்டீர்கள், அதுவும் நான் தட்டி வைத்திருந்த ரொட்டியின் மேல். சும்மா ஊதுகிற மாதிரிச் செய்தால் போதும் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த வாயாலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கடல் எழும்பி எங்கள் முற்றத்துக்கு வருவதாகவும், றினோசாவின் சட்டை தண்ணீரில் மிதப்பதாகவும் கனவு கண்டேன். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் அதைக் காலையில் கிணற்றடியில் பெண்களிடம் சொன்னேன். இரண்டு நாளில் சூறாவளி வந்தது. என் வாய்தான் பிள்ளையைத் தின்றது, மிஸ்ஸி. ஊரையும் தின்றது. இப்படித்தான் சொன்னேன் உங்களிடம்.

உன்னில் பிழை இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தீர்கள். "வாங்க, அந்தக் கிணத்தடிக்குப் போவம். ஆரிட்டச் சொன்னீங்களோ அவங்களிட்டயே கேப்பம்," என்றீர்கள்.

எப்படி வந்தேன் என்று தெரியாது. உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு, தலையில்லாத தென்னைகளுக்கு நடுவே மிதந்து வந்தேன். கிணற்றடியில் ஆயிஷா ராத்தாவும் இன்னும் சிலரும் நின்றார்கள். பேச்சு வந்துவிட்டது என்று கட்டிப்பிடித்தார்கள். நான் விறைத்துப்போய் நின்றேன். அவர்கள் காறித் துப்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள், நபீசா சொன்ன கனவு நினைவிருக்கிறதா என்று.

"என்ன கனவு?" என்றார் ஆயிஷா ராத்தா. "அண்டைக்கு இவள்ட வாளி கிணத்துக்க விழுந்ததுதான் எனக்கு நினைவிரிக்கி. அதத் துழாவி எடுக்கிறதுக்குள்ள என்ட இடுப்பு முறிஞ்சி போச்சி."

இன்னொருத்தி சொன்னாள்: "மாரி காலத்தில கடல் வாற கனவு காணாத பொம்புள இந்தக் கரையில ஆருகா இரிக்கா? நானும் கண்டன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரையே அழித்ததாக நான் சுமந்த கனவு ஒருத்தியின் காதிலும் விழவில்லையா? பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, "றினோசா, என்ட மகளே" என்று கத்தி அழுதேன். அவள் போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான். அதுவரை குற்றத்துக்குப் பயந்துகொண்டிருந்ததில் பிள்ளைக்கு அழ எனக்கு நேரமே இருக்கவில்லை. நீங்களும் அழுதீர்கள். டாக்டர் கண்டிருந்தால் ஏசியிருப்பார்.

அன்றோடு எல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றும் மழை இருட்டினால் நான் சுவரோரம் படுக்கமாட்டேன். ஆனால் அன்று மாலை படுத்தேன், தூங்கினேன். ஊர்ப் பெண்களும் பிறகு உங்களிடம் ஒவ்வொருவராக வந்தார்கள். கனவைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்கள், யார் யார் போனார்கள் என்று சொன்னார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். லீவு முடிந்து பஸ் ஏறும்போது உங்கள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

இவ்வளவு பேரின் துக்கத்தையும் வாங்கிக்கொண்டு போன நீங்கள் அதையெல்லாம் எங்கே இறக்கி வைத்தீர்கள்? உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது? அல்லது என்ன நடந்துவிடும் என்று பயந்தீர்கள்? நான் பொத்திய வாயை நீங்கள் வேறு யாரிடமாவது திறந்தீர்களா? ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே என்று இப்போது வலிக்கிறது.

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். சியானா. றினோசாவின் வயதையும் தாண்டிவிட்டாள். நேற்றுக் காலை நான் அடுப்படியில் இருக்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "உம்மா, கனவில கடல் நம்மட வாசலுக்கு வந்திச்சி," என்றாள்.

என் கை தானாக அவள் வாயை நோக்கிப் போனது. அவள் என் கையைப் பார்த்தாள். நான் அங்கேயே உட்கார்ந்தேன், மிஸ்ஸி. அந்தக் கையால் அவளை இழுத்து மடியில் இருத்தினேன்.

"சொல்லுங்க மகள். மறுகா என்ன நடந்திச்சி?"

முழுவதையும் சொன்னாள். முழுவதையும் கேட்டேன். பிறகு ஓதி, அவள் உச்சியில் ஊதிவிட்டேன். அவள் பாண் கேட்டாள். கொடுத்தேன். தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இனி அவளுக்கு எது பயமோ அதை அவள் என்னிடம் சொல்லலாம். என் உயிர் இருக்கும்வரை கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
நபீசா