மூன்று மாத வகுப்பும் நான் எழுதாத ஒரு வரியும்

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

நீ போய் ஒரு வருடமாகப்போகிறது. அடக்கத்தன்று எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் உன் வகுப்பைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

பெங்களூரில் சுவிட்ச்போர்டு கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு நம் ஊருக்கே திரும்பி வந்து, ஆண்டர்சன்பேட்டை மாதா கோயில் கூடத்தில் பெண்களுக்கு வயரிங் வகுப்பு ஆரம்பித்தாய். மூன்று மாதம், முடிவில் ஒரு சான்றிதழ். வகுப்பை ஆதரித்துவந்த அறக்கட்டளை, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் என்னிடம் கருத்துக் கேட்டது. பெரியம்மா மகள் என்று சலுகை காட்டக் கூடாதென்று கூடுதல் கறாராகவே எழுதினேன். மூன்று மாதத்தில் யாரும் எலக்ட்ரீஷியன் ஆக முடியாது, தேர்ந்த மேஸ்திரியிடம் இரண்டு வருடமாவது தொழில் பழக வேண்டும் என்று. அறக்கட்டளை பணத்தை நிறுத்தியது, அடுத்த வகுப்பு நடக்கவில்லை.

நீ சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்தாய்.

"நீ எழுதுனது சரிதான்டி. ஆனா எந்த மேஸ்திரி பொம்பளையக் கூட்டினு போவான்? நம்ம ஜேம்ஸ் கூட்டினு போவானா?"

என் தம்பி ஜேம்ஸும் வயரிங் மேஸ்திரிதான். "அது வேற விஷயம்க்கா" என்றேன்.

"இன்னா வேற? படிச்சவளுக்கு எல்லாமே வேற வேற விஷயம்." சிரித்தாய். "இன்னும் ஒரு வரி சேத்து எழுதேன். கிளாஸ் முடிச்சவங்கள யாராவது ஒரு வருசம் கூட வச்சிக்கணும்னு."

அறிக்கையில் அப்படியெல்லாம் எழுத முடியாது என்றேன். யார் சொன்னது முடியாதென்று, இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊரில் தொழில் பழகும் விதம் எனக்குத் தெரியாததா? மேஸ்திரி தன் லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கும் பையனைச் சேர்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் அக்கா மகனை. காலை ரயிலில் பெங்களூர், ஏணி தூக்குவது, சுவர் வெட்டுவது, வேலை முடியும்வரை சைட்டிலேயே படுக்கை. ஒரு பெண்ணை அந்தக் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை. அதையாவது எழுதியிருக்கலாம்.

போன மாதம் ஊரிகத்தில் அம்மா வீட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை. சரிபார்க்க வந்தவள் உன் கடைசி வகுப்பில் படித்த கல்பனா. முதலில் மின்சாரம் இருக்கும் பிளக்கில் வைத்து, டெஸ்டரே வேலை செய்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெயினை அணைத்தாள். மறுபடி டெஸ்டர். அப்புறம்தான் வயரில் கை வைத்தாள்.

"நல்லா கவனமா செய்யறியே" என்றேன்.

"பயம் மேடம். நீங்க எழுதுனது நெசம்தான். மூணு மாசம் முடிச்சி வந்தப்போ எந்த வயரு எதுன்னே புரியல. பழைய வீட்டுல வயரெல்லாம் ஒரே கலர்ல இருக்குது. பக்கத்துல நின்னு 'அத்தத் தொடாத'ன்னு சொல்ல ஒரு ஆளு இருந்திருந்தா முழு வீட்டு வேலையே எடுத்திருப்பேன். இப்போ ஃபேனு, சுவிட்சு, அவ்ளோதான்."

எழுதியது நான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீதான் சொல்லியிருப்பாய், கோபமே இல்லாமல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரியானதைச் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டவளை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஜேம்ஸிடம் போய், கல்பனாவை வேலைக்குச் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

"இன்னாக்கா, வெளாடறியா? சைட்ல பசங்க ஓட்டுவானுங்க."

"உன் மச்சானச் சேத்துக்கினியே, அவனுக்கு ஸ்க்ரூடிரைவர எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரிஞ்சுதா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி சிரித்துவிட்டாள், அவளுடைய தம்பிதான் அந்த மச்சான். ஜேம்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில், "பங்காருபேட்டையில ஒரு வீட்டு வயரிங் வேல இருக்குது, ஒரு மாசம். தெனமும் போய்ட்டு வந்துடலாம். வரச் சொல்லு. சரிப்படலன்னா மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவேன்" என்றான்.

நேற்று கல்பனா வேலைக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து அவன் வேண்டாமென்று சொல்லலாம். சொன்னால் வேறொரு மேஸ்திரி வீட்டுக்குப் போவேன், அவரும் மறுத்தால் இன்னொருவர் வீட்டுக்கு. உன்னிடம் படித்த மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யார் வாசலிலும் போய் நின்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான் என்பது உனக்குத் தெரியும். நிற்கிறேன், அக்கா.

உன் சித்தி மகள்,
தங்கை எஸ்தர்