மல்லிகாவை எழுதியவன் நான்தான்

ஜூலை 18, 2014, வெள்ளி. திண்டிவனம்

காலையிலேயே அனல். ஆடி இரண்டாம் நாள். கல்யாணப் பத்திரிகை ஆர்டர் ஒன்றுகூட இல்லை. கடையில் கம்ப்யூட்டர், நான், ஃபேன். ஓடுவது ஃபேன் மட்டும்.

இன்றைய வேலை:
– மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ்.
– கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். இறந்தவரை ‘ஏழைகளின் விடிவெள்ளி’ என்று போடச் சொன்னார் மகன். மீட்டர் வட்டிக்காரர், தெருவுக்கே தெரியும். போட்டேன். பேனரை எவனும் நம்புவதில்லை, அதனால் பாவமில்லை.

மதியம் விழுப்புரத்திலிருந்து ஓர் ஆள். இந்த வெயிலில் டை. வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் சம்பாதிக்கும் பயிற்சி விற்கிறாராம். வெப்சைட்டுக்குத் தமிழில் எழுதித் தரணும். இங்கிலீஷில் இருந்தது: தூங்கும்போதும் பணம், முப்பதே நாளில் கார், பங்களா. சிரித்து வைத்தேன். அட்வான்ஸ் வாங்கியும் வைத்தேன்.

ஜூலை 19, சனி

காரை நீக்கினேன். பங்களாவை நீக்கினேன். அந்த இடத்தில் மல்லிகா. மரக்காணம் பக்கம், ஜாக்கெட் தைப்பவர், ஆடியில் வேலையில்லாமல் உட்கார்ந்தவர். ‘முதல் மாதம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டாவது மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன்.’ அவ்வளவுதான்.

விழுப்புரத்து ஆள் (இனி வி. ஆள்) இரண்டு தடவை படித்தார். “இன்னா சார், நானே சேந்துடுவேன் போலக்குதே.”

இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளுக்கு ஜோக் அனுப்புகிறேன். ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டில் சுமதிக்குப் படித்துக் காட்டினேன். மனைவி என்பதால் சலுகை கிடையாது, என் ஜோக்குக்கு உதடு அசையாதவள். “யாருங்க இவ, பாவம்” என்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

தூறல். ஓமந்தூரிலிருந்து தங்கை விஜயா. ஒரு பை மல்லாட்டைக் கடலை, புது செல்போன். இன்டர்நெட் பயிற்சி ஒன்றில் சேரப் போகிறாளாம். பணத்துக்கு மோட்டார் வைத்த தையல் மிஷினை விற்கிறாள். ஆள் பார்த்தாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டிக்கொண்டு எந்த ஊரிலோ. வீடு ஓடுவது அந்த மிஷினில்.

செல்போனில் அந்த வெப்சைட்டைக் காட்டினாள். மல்லிகா.

“அப்படியே என் கதைண்ணா.”

உன் கதைதான், உன்னை வைத்து நான்தான் எழுதினேன் என்றேன். சிரித்தாள். “நீ எழுதனா சிரிப்பு வரணும்னு உக்காந்து எழுதுவ, வராது. இதப் படிச்சிட்டு நான் அழுதுகினு இருந்தேன்.”

சத்தியம் செய்தேன். எனக்குப் பொறாமை என்றாள். “மல்லிகாக்கா கிட்ட நேத்து போன்ல பேசனேன். வீட்ல ஆயிரம் சொல்லுவாங்க, காதுல போட்டுக்காதன்னு அப்பவே சொன்னாங்க.”

சுமதி என்னைக் கண்ணால் சுட்டாள். மல்லாட்டை அவிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

விழுப்புரம் பஸ். நின்றுகொண்டே. மல்லிகாவை எடுக்கச் சொல்லப் போனேன். செருப்புக் கடைக்கு மேலே மாடி, ஒரே ரூம். மூலையில் சுடிதார் போட்ட ஒரு பெண், காதில் ஹெட்போன், மடியில் டிபன் பாக்ஸ். “நான் மல்லிகா பேசறங்க்கா. எங்க வீட்லயும் சிரிச்சாங்க.” என் வரிகள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

வி. ஆள் டீ வாங்கித் தந்தார். எடுக்க முடியாதாம், போன் வருவதே மல்லிகாவால்தானாம். அடுத்து ஒரு விவசாயி எழுதித் தருவேனா என்றார். டீயைக் குடித்தேன். அதையாவது குடிக்காமல் வந்திருக்கலாம்.

இறங்கியதும் விஜயாவுக்கு போன். பார்த்ததைச் சொன்னேன். “மிஷின தூக்கிக்கினு போயிட்டாங்கண்ணா” என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி. பத்திரிகை வேலை குவிகிறது, சோற்றுக்கு நேரமில்லை. ஓமந்தூர் போய் வந்தாள் சுமதி. முகூர்த்த ஜாக்கெட் துணியோடு வாசலில் மூன்று பெண்களாம். விஜயா திருப்பி அனுப்பினாளாம். உள்ளே செல்போன் சார்ஜில்.

என் ஜோக் ஒன்று அச்சாகியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மப்பு வானம். கடைக்கே வந்தாள் விஜயா. ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. வி. ஆளிடம் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். வெப்சைட்டில் போட போட்டோவும், சம்பாதித்ததாக நாலு வரியும் தந்தால் பாதி திரும்ப வருமாம்.

“மல்லிகாவ எழுதன கைதான? என்னையும் எழுதுண்ணா.”

இப்போது நம்புகிறாள். முடியாது என்றேன். இதைப் படித்து இன்னொருத்தி மிஷினை விற்பாள் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். “அன்னிக்கு மட்டும் முடிஞ்சிதா?”

கம்ப்யூட்டரைப் போட்டேன். ‘ஓமந்தூர் விஜயா. முதல் மாதம் ஒரு ரூபாய்கூட வரவில்லை.’ என் வாழ்நாளில் அடித்த ஒரே உண்மை. ‘இரண்டாவது மாதம்’ என்று அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

பின்னாலிருந்து அவள்: “ஸ்கூல் பீஸ் கட்னேன்னு போடு.”

போட்டேன்.