இன்னும் சொட்டு உடலீங்க

இன்னைக்குக் காலையில ஸ்பிரிட் விளக்கைப் பத்த வெச்சேன். அந்த வாசம் வந்ததும் அடுப்படியில நீ நிக்கற மாதிரியே இருந்துச்சு. நம்ம பாப்பாவோட மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்க்கறது உன் வேலை. நீ போனதுக்கப்புறம் அவ உங்கம்மா ஊட்டுல இருந்தா. நேத்துதான் சேலத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். வர்றப்பவே சளி. காலையில பார்த்தா கண்ணு ரெப்பை உப்பின மாதிரி இருந்துச்சு. சளி புடிச்சா அந்த நோவு திரும்பும்னு உனக்குத் தெரியாதா.

முதல் தடவை அவ மூஞ்சி உப்பினப்போ, புள்ளைக்கு இப்பத்தான் சதை புடிக்குதுன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. நீயும் சந்தோசமா திருஷ்டிப் பொட்டு வெச்சே. அப்புறம் அரணாக்கயிறு இடுப்புல பதிஞ்சு கெடந்ததைப் பார்த்துட்டு, நீதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கெளப்பினே. நான் வேலை பார்க்கற லேப்புலயே, என் கையாலயே காய்ச்சினேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுடுச்சு. உடம்புல இருக்கற புரதச் சத்து சிறுநீரகம் வழியா ஒழுகுதுன்னு டாக்டர் சொன்னார்.

ரத்தத்தையும் கண்ணாடிக் குழாயில நிறுத்தி வெச்சேன். உள்ளுக்குள்ள அழற்சி இருந்தா சிவப்பு வேகமா அடியில இறங்கும், ஈ.எஸ்.ஆர்.னு பேரு. அவளுக்கு மடமடன்னு இறங்குச்சு. ஊட்டுல இதைச் சொன்னப்போ, "பாவு நூலுக்குப் போடற கஞ்சி புளிச்சாலும் இப்படித்தான் அடியில உட்காருமுங்க"ன்னே. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகளாச்சே. அப்புறமெல்லாம் ரத்தம் பார்த்த அன்னைக்கு நான் வாயைத் தொறக்கவே வேண்டாம். சைக்கிளை நிறுத்தற சத்தத்துலயே உனக்குத் தெரிஞ்சுடும்.

டாக்டர் சொன்ன உப்பில்லாத சோத்தை அவ துப்பினா. அன்னையிலிருந்து நீயும் உப்பை உட்டுட்டே. எனக்கு மட்டும் தனியா உப்பு வெச்சே. கொஞ்ச நாள்ல நானும் வேண்டாம்னேன். "பாப்பா, லேப்புக்காரர் வழிக்கு வந்துட்டாரு"ன்னு சிரிச்சே. அந்தச் சாப்பாட்டுக்கு உனக்கு நான் நன்றி சொன்னதே இல்ல. இப்பச் சொல்றேன்.

புது மாத்திரையில அவ தேறின பிறகு, நீ ஊட்டுல முதல் தடவை காய்ச்சினதும் ஞாபகம் இருக்கு. குழாய் வெள்ளையாச்சு. நீ அழுதுட்டே. நான் சீசாவுல இருந்து ரெண்டு சொட்டு அமிலம் உட்டேன், தெளிஞ்சுடுச்சு. சில உப்புங்களும் சூட்டுல வெள்ளையாகும், சொட்டு உட்டா கரையும், புரதச் சத்துன்னா கரையாதுன்னு சொன்னேன். "முன்னாடியே சொல்றதுக்கென்னங்க? நான் அழுததுக்கு யாரு பொறுப்பு?"ன்னு சண்டைக்கு வந்தே.

அப்புறம் நான் எதுக்குக் கவலைப்பட்டாலும் உனக்கு அதே பேச்சுதான். "இன்னும் சொட்டு உடலீங்க. அதுக்குள்ள ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க?"

தெளிவா இருக்கான்னு தெரிய, லேப்புல குழாய்க்குப் பின்னாடி அச்சு எழுத்தை வெச்சுப் பார்ப்போம். நீ உங்கப்பா தறியில நெய்த கோடு போட்ட துண்டை வெச்சுக்கிட்டே. எழுத்துன்னா கூட்டிப் படிக்கோணும், கோடுன்னா பார்த்தாலே தெரியும்னே. துண்டு இன்னும் அதே ஆணியிலதான் தொங்குது.

இன்னைக்குக் காய்ச்சினதும் குழாய் வெளுத்துடுச்சு. எனக்குப் பயமும் வரல, அழுகையும் வரல. காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டு போன அன்னைக்கும் இப்படித்தான் மரம் மாதிரி நின்னேன். அடுத்து என்ன செய்யறதுன்னே தெரியல. தினமும் ஊருக்கெல்லாம் இதே சோதனை செய்யறவன் நான்.

வாசப்படியில உட்கார்ந்திருந்த பாப்பா சொன்னா, "அப்பா, இன்னும் சொட்டு உடலீங்க."

உன் ராகம் அப்படியே.

சீசாவைத் தொறந்து சொட்டு உட்டேன். வெள்ளை சுருண்டு சுருண்டு கரைஞ்சுது. துண்டுக்கு நேரா புடிச்சேன். எல்லாக் கோடும் தெரிஞ்சுது. வெறும் சளிதான். அழுது அழுது தூங்கின கண்ணு, அதான் உப்பியிருக்கு.

அப்பத்தான் எனக்கு உடைஞ்சுது. குழாயைக் கீழ வெச்சுட்டு, அந்தத் துண்டுல மூஞ்சியப் பொத்திக்கிட்டேன். பாப்பா கிட்ட வந்து, "அதான் தெளிஞ்சிருச்சுங்களே, ஏனுங்கப்பா அழுகறீங்க?"ன்னு கேட்டா.

நாளைக்கும் காய்ச்சுவேன். இனி அது என் வேலை. நீ சொன்னபடிதான் செஞ்சேன் புள்ள, சொட்டு உட்ட பிறகுதான் அழுதேன்.