ஐந்தாம் பெட்டி சரி

மார்ச் 3, செவ்வாய்

பத்துப் பெட்டி வண்டி. ஐம்பத்தைந்து நிமிடத்தில் சக்கரம் மாற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம். முழங்கையில் ஒட்டிய கிரீஸ் இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை.

டீ வேளையில் ஃபோர்மேன் என்னையும் சகலையையும் மட்டும் கூப்பிட்டார். இந்த மாதம் முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. அதன் பிறகு அவர் இடத்தில் நின்று ஷெட்டில் கொடி பிடிக்கப்போவது எங்கள் இருவரில் ஒருவராம். "ஆளுக்கு ஒரு வாரம் பிடிங்க. பாத்துட்டு ஒரு பேரை எழுதி மேலே அனுப்பறேன்" என்றார்.

நான் வந்து பதினேழு வருடம். அவன் வந்து ஆறு. இதில் என்ன பார்த்துவிட்டு எழுதுவது? தலையாட்டிவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது. இவனை ஷெட்டில் சேர்க்கச் சொல்லி அன்றைக்கு ஃபோர்மேனிடம் போய் நின்றது யார்? நான்தான். மனைவியின் தங்கை புருஷன் ஆயிற்றே என்று. சொந்தச் செலவில் சூனியம்.

மார்ச் 4, புதன்

நேரில் "வாங்க சகலை, போங்க சகலை". இங்கே அவன்தான். என் நோட்டு.

வீட்டில் சொன்னேன். இவள் முகம் மலர்ந்தது. "உங்களுக்குக் கிடைக்கலைன்னாலும் நம்ம வீட்டு ஆளுக்குத்தானேங்க போகுது!" நம்ம வீடு! தங்கச்சி வீட்டைச் சொல்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

பள்ளியில் 'என் அப்பாவின் வேலை' பற்றி எழுதச் சொன்னார்களாம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பெருமைதான். நிதானமாகச் சொன்னேன். நம் தண்டவாளத்தைவிட அவர்கள் தண்டவாளம் நாலு விரல் குறுகல். நம் சக்கரம் அதில் உட்காராது. அதனால் எல்லையில் வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி, ஆட்களை இறக்காமலே பெட்டிகளை ஜாக்கியால் தூக்குகிறோம். அடியில் இருக்கும் நம் டிராலிகளை, அதாவது சக்கரங்கள் பூட்டிய இரும்புச் சட்டங்களை, உருட்டி வெளியே எடுக்கிறோம். அவர்களுடையதை உள்ளே தள்ளிப் பெட்டியை இறக்குகிறோம்.

"நாலு விரலுக்கா இவ்வளவும்?"

"ஆமாம்."

பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "சித்தப்பா இதையே ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாருப்பா. தீப்பெட்டியை வச்சு செஞ்சே காட்டினாரு."

அங்கே ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள்.

மார்ச் 14, சனி

என் வாரம் முடிந்தது. ஆறு நாள், ஆறு வண்டி, ஒரு தவறு இல்லை. சராசரி ஐம்பத்து நான்கு நிமிடம்.

கொடி பிடிப்பது சும்மா துணியை ஆட்டுவது இல்லை. பெட்டிக்கு ஒருவர் குனிந்து, புது டிராலி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பார். "ஒண்ணு சரி", "ரெண்டு சரி" என்று பத்தும் வந்த பிறகுதான் கொடி இறங்க வேண்டும். கொடி இறங்கினால்தான் தூக்கிய பெட்டிகளை இறக்குவார்கள். இடையில் யார் கையைத் தூக்கினாலும் எல்லாம் நிற்கும். மூக்குச் சொறியக்கூடக் கை மேலே போகக் கூடாது. நான் நின்ற ஆறு நாளும் ஷெட்டில் ஊசி விழுந்தால் கேட்கும்.

ஃபோர்மேன் "ம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

அவன் வாரம். கொடியை எடுக்கும் முன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். கல்யாணத்துக்கா போகிறான்? பிறகு ஜன்னல்களைப் பார்த்துக் கத்தினான்: "டம்ளர் வச்சிருக்கிறவங்க கெட்டியாப் பிடிச்சுக்கங்க, உங்களைத் தூக்கப்போறோம்!" வண்டி முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்.

நாற்பத்தெட்டு நிமிடம். ஃபோர்மேன் சிரித்தார். பதினேழு வருடத்தில் அந்த மனிதருக்குப் பல் இருப்பதே எனக்குத் தெரியாது.

எப்படி ஆறு நிமிடம் குறைந்தது? நானும் இந்த வாரம் அவனுக்குக் கீழேதான் வேலை செய்கிறேன். என் கையும் காலும்கூட இன்று வேகமாக ஓடின. ஏன் ஓடின?

மார்ச் 18, புதன்

நாற்பத்தேழு. சனியன்.

மார்ச் 20, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா— எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்ல முடியும்.

இன்று எனக்கு ஐந்தாம் பெட்டி. ஒரு பெட்டிக்கு இரண்டு டிராலி. ஒன்றில் மட்டும் பெல்ட் உருளை இருக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் தருகிற டைனமோவை அதுதான் சுழற்றும். டைனமோ தொங்குகிற பக்கம்தான் அந்த டிராலி வர வேண்டும். இன்று தள்ளியவர்கள் இரண்டையும் முன்பின்னாக மாற்றித் தள்ளிவிட்டார்கள். குனிந்ததும் பார்த்துவிட்டேன். பளிச்சென்று தெரிந்தது.

கையைத் தூக்கினால் போதும். மாற்றிப் போட இருபது நிமிடம் ஆகும். அதனால் அவனுக்கு என்ன கெட்டுவிடும்? நேரம் கூடும், அவ்வளவுதான். தூக்காவிட்டால்? பெல்ட் மாட்டுவது அந்த நாட்டு ஆள், அடுத்த ஸ்டேஷனில். உருளை இல்லாததைப் பார்ப்பான். புகார்க் கடிதம் வரும். புகார் எப்போதும் கொடி பிடித்தவர் பேருக்குத்தான் வரும். குனிந்து பார்த்தவர் பேரை எங்கேயும் எழுதுவதில்லை.

இவ்வளவையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யோசித்தேன். யோசித்துவிட்டு "அஞ்சு சரி" என்று கத்தினேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

நாற்பத்தாறு நிமிடம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 21, சனி

கடிதம் வரும் என்றுதானே நினைத்தேன். ஃபோன் வந்தது.

அந்த ஸ்டேஷனில் பெட்டி தூக்கும் ஜாக்கி கிடையாது. அதனால் ஐந்தாம் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். எழுபது பேரை மற்றப் பெட்டிகளில் திணித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒருவர் பெட்டி படுக்கைகளுக்கு நடுவில் தரையில் படுத்துப் போனாராம். பக்கத்தில் அவர் மனைவி பதினோரு மணி நேரம் நின்றபடி.

ஃபோர்மேன் இதை எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கடிதம்தான் மனதில் இருந்தது. பெட்டிக்குள் ஆள் இருக்கும் என்பது இருக்கவே இல்லை. பதினேழு வருடம் ஆட்களோடு தூக்குகிறேன்!

"அஞ்சுல யார் நின்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முன்னால் வந்தான். "அண்ணன்தான் சார். ஆனா அவரைச் சரியாப் பாக்க விடாம நான்தான் அவசரப்படுத்தினேன். தப்பு என்னுது."

பச்சைப் பொய். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

பிறகு கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கண்ணு மங்குதோன்னு எனக்குச் சந்தேகம். மேலே தெரிஞ்சா ஷெட்டை விட்டே அனுப்பிடுவாங்க. பேசாம ஒரு கண்ணாடி போட்டுக்கங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நல்லவனாக இருப்பதிலும் இவன்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 24, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் என் பேர்.

இவள் அக்கம்பக்கம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. மாமனார் ஃபோனில் வாழ்த்தினார். "நீங்க ரெண்டு பேருமே நம்ம பிள்ளைங்கதான், இருந்தாலும்..." என்று இழுத்தார். அந்த இருந்தாலுமை நான் கேட்காதது போல் இருந்தேன்.

மார்ச் 26, வியாழன்

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். மச்சினி அக்காவிடம் சொல்லிவிட்டாள். இவள் விடாப்பிடியாக என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். என்ன சொல்லித் தப்பிப்பேன்?

டாக்டர் பலகையைக் காட்டினார். பாதியில் தடுமாறுவது போல் நடிக்கலாமா என்று நினைத்தேன். நடிக்கவும் வரவில்லை. கடைசி வரி, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டேன். "கண்ணாடியா? உங்களுக்கா? எனக்கே இந்தக் கண்ணு இல்லீங்க" என்று சிரித்தார்.

இவளும் சிரித்தாள். படியிறங்கும்போது நின்றாள்.

"அப்போ அன்னைக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 27, வெள்ளி

இவள் சாப்பாடு போட்டாள். தட்டை வைத்ததும் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

மார்ச் 28, சனி

சகலையை ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். தலை வாரவில்லை. கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"ஏண்ணே?"

பொறாமை என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றேன். அது பொய் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து நேராக ஃபோர்மேன் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "பதினேழு வருஷம்..." என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

பதினைந்து நாள் இடைநீக்கம். பேர் பலகையில் மாறிவிட்டது. வேலையை விட்டே அனுப்பத்தான் இருந்தார்களாம். சகலை போய்ப் பேசியிருக்கிறார். மச்சினி சொல்லி இவளுக்குத் தெரிந்தது. இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

நன்றியாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனாலும் ஒரு ஓரத்தில் இன்னும் எரிகிறது. பொய் எழுதுவானேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பத்துப் பெட்டி வண்டி. சகலை எனக்கு ஐந்தாம் பெட்டியையே கொடுத்திருந்தார். கொடி அவர் கையில்.

டிராலிகள் உள்ளே வந்தன. குனிந்தேன். பெல்ட் உருளை அதன் இடத்தில் இருந்தது. இன்னொரு முறையும் பார்த்தேன். வரிசை வந்ததும் "அஞ்சு சரி" என்றேன்.

ஆறு, ஏழு என்று பத்து வரை குரல் வந்துவிட்டது. கொடி இறங்கவில்லை. அவர் அங்கிருந்து நடந்து வந்தார். என் பக்கத்தில் முழங்கால் போட்டு, டார்ச் அடித்து, தானே பார்த்தார். எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, "இறக்கிடலாம்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற ஒன்பது பெட்டிக்கும் அவர் போகவில்லை.